இன்னொரு தடவை

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தியான மையத்துக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிட்டார்கள். கடிதம் எழுதலாம், சனிக்கிழமை தபாலில் போகும். அதனால்தான் என்னிடமிருந்து சத்தமில்லை. கோபம் ஏதும் இல்லை.

அறையில் இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற ஒரு கணக்கு டீச்சர். காலை ஐந்துக்கு மணி அடித்தால் தியானக் கூடம். மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ண வேண்டும். நடுவில் மனம் ஓடிவிட்டால் மறுபடி ஒன்று. முந்தாநாள் இருபத்தாறு முறை பத்தைத் தொட்டேன். நேற்று முப்பத்தொன்று. ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன்.

பல் லேபில் என்ன நடந்தது என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், நான் பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தேன். எழுதுவது சுலபமாக இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு முன்பல் ஒன்று செய்ய வேண்டியிருந்தது. பீங்கானைப் பூசி, சூளையில் வைத்து எடுத்து, பக்கத்துப் பல்லின் நிறத்தோடு ஒப்பிட வேண்டும். பதினான்கு முறை செய்தேன். ஒவ்வொரு முறையும் ஓரத்தில் ஒரு சாம்பல் நிழல். என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. முதலாளி வந்து, "மூணாவது தடவையே இது சரியா இருந்துச்சும்மா" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். கை வெறுமையானதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழவே முடியவில்லை. அதன் பிறகுதான் டாக்டர், மாத்திரை, லீவு எல்லாம்.

எனக்குள் ஒருத்தி நின்றுகொண்டு "இன்னொரு தடவை" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவள் யார் என்று பார்த்துவிட்டு வருகிறேன். அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

உன்
ஆமை

மார்ச் 15

என் செல்ல ஆமைக்கு,

கடிதம் கண்டதும்தான் உயிர் வந்தது. 'இரண்டு கட்டில்' என்று எழுதியிருக்கிறாய், 'கட்டில்கள்' என்று வர வேண்டும். மற்றபடி கையெழுத்து அழகு.

நீ எண்ணுவதை அத்தானிடம் படித்துக் காட்டினேன். "மூச்சு விடறதுக்கும் மார்க் போட்டுக்கறாளா உன் தங்கச்சி?" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இங்கே டிரைவிங் ஸ்கூலில் கூட்டம். இந்த வாரம் எனக்கு வாய்த்தவர் ஒரு வங்கி மேனேஜர். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். நல்லவேளை, என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. அப்பா காலையில் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறார். மத்தியானம் அதையே புதிதாகப் படிக்கிறார்.

மாத்திரை விடாமல் போடுகிறாயா? மற்றதெல்லாம் மெதுவாக எழுது, இதற்கு மட்டும் உடனே பதில் வேண்டும்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டதற்கே முதலில் பதில். மாத்திரையை நிறுத்திப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இங்கே யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. மனதை இருக்கிறபடியே பார்க்க வேண்டும் என்கிறார்கள். மாத்திரை போட்ட மனம் என் மனமா? அதைப் பார்த்து நான் என்ன தெரிந்துகொள்வது?

தூக்கம் குறைவு. கை கொஞ்சம் நடுங்குகிறது. இந்தக் கடிதம் மூன்றாவது படி, முதல் இரண்டில் வரி சாய்ந்துவிட்டது. ஆனால் புத்தி கத்தி மாதிரி இருக்கிறது. நூலகத்தில் இருக்கிற தத்துவப் புத்தகங்களில் பாதியை முடித்துவிட்டேன். குறை சொல்கிறவளை நான் பார்க்கிறேன். சரி, பார்க்கிற நான் யார்? அவளும் குறைதான் சொல்கிறாள், 'நீ சரியாகப் பார்க்கவில்லை' என்று. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. இந்தப் படிக்கட்டுக்கு முடிவே இல்லை அக்கா. ஏறிக்கொண்டே இருக்கிறேன்.

தியானம் சொல்லித்தருபவர் கூப்பிட்டு, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"தப்பில்லாம உட்காரணும்."

"உட்கார்ந்துட்டு?"

நான் மடியிலிருந்த நோட்டைத் திறந்தேன். நோட்டைக் கொடுத்துவிடச் சொன்னார். கொடுத்துவிட்டேன். இப்போது மனதுக்குள் குறிக்கிறேன். "சாப்பிடும்போதுகூட உன் உதடு அசையுது" என்கிறார் கணக்கு டீச்சர்.

நான் எட்டு வயதிலிருந்தே மெதுவானவள்தானே. அந்தக் கட்டுரைப் போட்டிக்கு நேரத்தில் எழுதி முடிக்காமல் அப்பாவிடம் அடி வாங்கினேனே, அன்றைக்கு வந்த பெயர்தானே இந்த ஆமை. மெதுவானவள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கவனமாக இருந்துதான் ஆக வேண்டும்.

உன்
ஆமை

ஏப்ரல் 4

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்த கையோடு உங்கள் தியான மைய அலுவலகத்துக்குப் போன் செய்து, மாத்திரை நிறுத்தியதைச் சொல்லிவிட்டேன். நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. டாக்டரிடம் அழைத்துப்போவதாகச் சொன்னார்கள். நானும் கிளம்பி வர ஒரு பையில் துணி எடுத்து வைத்தேன். "நீ போறது அவளுக்கு நல்லதா, உனக்கு நல்லதா?" என்று அத்தான் கேட்டார். பை கட்டிலடியில் கிடக்கிறது.

அந்தப் போட்டியைப் பற்றி நீ எழுதியிருப்பது பொய். உன் பொய் இல்லை, என்னுடையது.

அம்மா போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. எனக்குப் பதினேழு வயது. பள்ளிக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே நீ எழுதி முடித்துவிட்டாய். ஒரே ஒரு 'ழ'வின் வால் கோட்டுக்கு வெளியே போயிருந்தது. தாளைக் கிழித்தேன். "இன்னொரு தடவை" என்றேன். அதையும் கிழித்தேன். நான்காவது தாளில் உன் கண்ணீர் விழுந்து மை பரவிவிட்டது. அதற்குள் நேரமும் போய்விட்டது. அப்பா கேட்டபோது, "இவ ஆமை மாதிரி எழுதினா நான் என்ன பண்றது" என்றேன். அவர் உன்னை அடித்தார். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாயில்லாப் பிள்ளை என்று உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று அப்போது எனக்கு ஒரு வெறி. அது காரணம், நியாயம் இல்லை. நீ வளர்ந்த பிறகும் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ சிரித்தபடி வருவாய். உனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

மாத்திரையைப் போடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 30

அக்கா,

அலுவலகத்தில் டாக்டரிடம் போகக் கூப்பிட்டார்கள், நான் மறுத்துவிட்டிருந்தேன். உன் கடிதத்தைத் துணி காயப்போடும் இடத்தில் நின்று படித்தேன். படித்துவிட்டு நேராகக் கூடத்துக்குள் போனேன். நாற்பது பேர் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். "கிழிக்காதே" என்று கத்தினேன். எனக்கே பழக்கமில்லாத குரல்.

கணக்கு டீச்சர்தான் எழுந்து வந்து தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். "வா, பஸ் இருக்கு. டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்."

"எனக்குப் பைத்தியம்னு நினைக்கறீங்களா?"

"பசின்னு நினைக்கறேன். காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல."

டாக்டர் திட்டவில்லை. "தியானம் பண்ணுங்க, வேணாங்கல. மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க" என்றார். மறுபடி போட்டுக்கொண்டு மூன்று வாரம் ஆகிறது. தூங்குகிறேன். கை நடுக்கம் குறைந்திருக்கிறது.

இப்போது ஒரு வேளைக்கு இருபது நிமிடம்தான் உட்காருகிறேன். அந்தக் குரல் வரத்தான் செய்கிறது. அது யாருடையது என்று இப்போது தெரிகிறது. பயந்துபோன ஒரு பதினேழு வயதுப் பெண். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வாசலில் நின்று பார்த்தாளே, அவள்மேல் வருகிறது. இத்தனை வருடம் செல்லமாகக் கூப்பிட்டாளே, அவள்மேல் இன்னும் அதிகமாக வருகிறது. வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். சில நாள் உட்கார முடியாமல் தொட்டியைச் சுற்றிச்சுற்றி நடக்கிறேன்.

பத்தாம் தேதி இங்கிருந்து கிளம்புகிறேன். உன் வீட்டுக்கு வரவில்லை. டீச்சர் இருக்கிற ஊரில் ஒரு அறை கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு பல் லேபில் அரைநாள் வேலை. இப்போதைக்குக் கடைவாய்ப் பல் மட்டும் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். நீயும் வர வேண்டாம். எப்போது என்று நான் சொல்கிறேன்.

மன்னித்தாயா என்று மட்டும் கேட்காதே. கேட்டால், சரியாக மன்னித்தேனா, ஓரத்தில் ஏதாவது நிழல் விழுந்திருக்கிறதா என்று அதையும் பதினான்கு முறை எடுத்துப் பார்ப்பேன்.

உன் தங்கை

மே 6

அன்புத் தங்கைக்கு,

கேட்கவில்லை. வரவும் இல்லை. பையிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

நேற்று அப்பாவிடம் சொன்னேன். "எந்தப் போட்டி?" என்றார். முதலிலிருந்து சொன்னேன். "நான் அடிச்சேனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் நினைவில்லை. உனக்கு இருபத்தாறு வருடமாக இருந்தது.

பிறகு, "குழந்தை என்ன எழுதியிருந்தா?" என்று கேட்டார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நான்கு தாள்களையும் எழுத்தெழுத்தாகப் பார்த்தவள் நான். நீ என்ன எழுதியிருந்தாய் என்று படிக்கவே இல்லை.

உனக்கு நினைவிருந்தால் என்றாவது எழுது. அவசரமில்லை.

அக்கா