அந்த அறையில் அப்பா சொன்னது

14 செப்டம்பர் 1979

அன்பு மகள் ஹைகேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்குச் சுகம், மனசுக்குத்தான் சுகமில்லை. நீயும் மாப்பிள்ளை யோர்க்கும் பேத்தி அன்யாவும் அந்தக் கனடாக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும்.

செவ்வாயன்று உன் கடிதம் வந்ததிலிருந்து இங்கே யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை, பிளம்ஸ் கேக் சுட்டேன், தொடுவாரில்லை. கம்யூனிஸ்ட் என்று யோர்க்கை வாத்தியார் வேலையிலிருந்து அரசு நீக்கியது செல்லும் என்று மூன்று வருஷத்துக்கு முன், நீங்கள் இருவரும் பழகும் முன்பே, தீர்ப்புச் சொன்ன ஐந்து நீதிபதிகளில் அப்பா எந்தப் பக்கம், எதிர்த்தார் என்றால் கிறிஸ்துமஸுக்குக் குழந்தையோடு வருகிறோம், இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். எப்படியடி மனசு வந்தது? அந்தப் பையனுக்கு நடந்தது அநியாயம்தான், நானே சொல்வேன். ஆனால் அடுத்த மாதம் அப்பாவுக்கு வரும் பதவி உயர்வு அதற்குக் கூலி என்கிறானாமே மாப்பிள்ளை! வீடு கட்ட அனுமதி இல்லை, பன்றிப் பண்ணை நாறுகிறது என்று அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றவர்களின் வழக்குக் கட்டுகளை இருபத்திரண்டு வருஷம் படித்துக் கண் கெட்ட மனுஷன் அவர். பக்கத்து வீட்டு லூடர்ஸ் அம்மாள் வேறு, "பதவி வருதாமே, பேத்தி எப்ப வருது?" என்று வேலியோரம் நின்று குத்துகிறாள்.

நேற்று கேட்டே விட்டேன். என்னங்க, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க என்றேன். "அஞ்சு பேரும் கதவைச் சாத்திட்டுப் பேசினது அந்த அறையோட போச்சு ஹெட்விக். சாகுற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னுதான் சட்டம்" என்றார். நெஞ்சழுத்தக்காரர்! பேத்தியைவிட அது பெரிசா என்று கத்தினேன். தட்டுகளை எடுத்துப் போய்க் கழுவினார்.

இன்று காலை அவர் கோர்ட்டுக்குப் போனதும், அப்பா எதிர்த்தார், மற்றவர்கள் கேட்கவில்லை என்று உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். பொய்தான், எனக்கென்ன தெரியும்? அன்யாவை ஒரு தரம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை. மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். நின்றபடியே படித்தார். "இது போனா என்னால இல்லைன்னும் சொல்ல முடியாது, ஆமான்னும் சொல்ல முடியாது. அவ வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுவா, நான் கல்லு மாதிரி நிக்கணும். உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கிழித்துப் போட்டது நான்தான்.

ஆகவே என்னிடம் பதில் இல்லை மகளே. தெரியாமலேதான் மூன்று வருஷமாக அவருக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறேன். நீயும் தெரியாமலே வா.

கடவுள் உங்கள் மூவரையும் நன்றாக வைக்கட்டும். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, பதிலை அப்பா பேருக்கே எழுது. தினமும் தபால்பெட்டியைத் திறப்பவர் அவர்தான்.

உன் அம்மா
ஹெட்விக்