பூனைக்காக இறங்கினேன்

அரிசோனாவில் தங்கை வீட்டில் வெயில் காயும் என் மகாராணிக்கு,

நான் நலம், உன் பூனையும் நலம், வீடும் நிற்கிறது.

இந்த மே மாதம் ஓக்லஹோமாவில் சுழல்காற்றுச் சைரன் ஓய்ந்த நாளே குறைவு. இத்தனை வருடம் நான் மேகம் பார்த்துக் காத்திருந்த டொர்னாடோ நேற்று மாலை நம் கோதுமை வயலுக்கே வந்தது. ஊரே பார்த்தது, நான் மட்டும் பார்க்கவில்லை.

சிரிக்காதே. சைரன் ஊதியதும் வழக்கம்போல் கேமராவோடு முன்தாழ்வாரத்துக்குத்தான் போனேன். உள்ளே உன் பூனை கத்தியது. கேமராவை நாற்காலியில் வைத்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டுபோய் நிலவறையில் விடப் பார்த்தால், சட்டையில் நகத்தை மாட்டிக்கொண்டு இறங்க மறுத்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு நானும் உட்கார்ந்துவிட்டேன். பூனைக்காகத்தான், சைரன் ஊதினால் நிலவறைக்குள் போய்விடு என்று ஊருக்குப் போகும்போது நீ அழுதுகொண்டே சொன்னதற்காக இல்லை.

காலையில் பக்கத்துப் பண்ணை டுவெய்ன் கொல்லைப்புறமாக வந்து மானத்தை வாங்கினான்.

"ஏன்யா, வெள்ளைத் தூண் மாதிரி நின்னுச்சே, நீ எங்க போன?"

"நிலவறைல இருந்தேன்."

"பொண்டாட்டி ஊர்ல இல்லாதப்பவா? யாருக்குப் பயந்து?"

"பூனைக்கு."

விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்தபடியே வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்தவன் தொப்பியைக் கழற்றினான்.

வீடு நிற்கிறது என்றேன் அல்லவா? முன்தாழ்வாரம் இல்லை. என் நாற்காலியும் கேமராவும் அதோடு போய்விட்டன. இந்த வீட்டில் நீ வெறுத்த இடம் அது ஒன்றுதானே? இனி சைரன் ஊதினால் நான் போய் நிற்க இடமில்லை.

நிலவறையில் உனக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். பூனை அதைப் பிடித்துக்கொள்வதற்குள் வந்துவிடு.

இப்படிக்கு,
டொர்னாடோ பார்க்காத உன் புருஷன்