மாமி வீட்டுக் கிணறு

786
சாய்ந்தமருது
14.8.1984

அன்பு மகன் சாலிஹுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் தங்கச்சி நபீலாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம், சவூதி வெயிலில் நீயும் சுகமாயிருக்கத் தொழுகைக்குத் தொழுகை துஆ கேட்கிறேன். சீதன வீடு எழும்பாமல் நபீலாவின் கலியாணத்துக்கு நாள் வைக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை பகுதியார் சொல்லிவிட்டார்கள். நீ எழுதினபடி, அத்திவாரம் வெட்ட முன்னமே கக்கூஸ் குழிக்குச் சபையில் அனுமதி கேட்டோம். சுகாதாரம் பார்க்கிற பி.எச்.ஐ. அழகரெத்தினம் வந்து நாடா பிடித்து அளந்தார். எங்கட கிணறு தூரமாம், வேலிக்கு அங்கால உன் ஆமினா மாமியின் கிணறுதான் கிட்டவாம், கடற்கரை மணலில் குழித் தண்ணீர் ஊறிப் போய்விடுமாம், குழியை றோட்டுப் பக்கம் மாற்றச் சொன்னார். மாப்பிள்ளை நுழைகிற வாசலில் கக்கூஸ் குழி வைக்க எனக்கென்ன பைத்தியமா? மாமி இருக்கிற வளவும் என் உம்மா எனக்கு எழுதித் தந்த காணிதானே, புருஷன் மௌத்தான தன் தங்கச்சி என்று வாப்பா பாவம் பார்த்துக் குடி வைத்தார். இரண்டு ட்ரக்டர் மண் எடுப்பித்து அந்தக் கிணற்றைத் தூர்த்துவிட்டேன். மாமி வாளியோடு வந்து நின்று, "மதினி, குடிக்கிற தண்ணிய மூடினா அல்லாஹ் கேப்பான்" என்றாள். கேட்கட்டும், பதில் என்னிடம் இருக்கிறது என்றேன். வாப்பா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பி.எச்.ஐ. திரும்ப வந்து மூடின மண்ணைப் பார்த்தார், இப்போது கிட்டக் கிணறு இல்லையென்று கையெழுத்துப் போட்டார். அத்திவாரம் முடிந்துவிட்டது.

சீதனமே வேண்டாம், மாமி மகள் றம்ஸியாதான் வேண்டும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். தாராளமாக முடி மகன், நான் குறுக்கே நிற்கவில்லை. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில்தானே இருக்க வேண்டும், அந்த வீட்டில் இப்போது தொழுகைக்கு ஒளு எடுக்கவும் தண்ணீர் இல்லை. றம்ஸியா குடத்தோடு எங்கட கிணற்றுக்குத்தான் வருகிறாள். நான் இல்லையென்று சொல்வதில்லை, நபீலா அள்ளி முடியும்வரை வேலிப் படலைக்கு வெளியே நிற்கச் சொல்லியிருக்கிறேன், நிற்கிறாள். நாளைக்கு நீ மாப்பிள்ளையாக வாளி கொண்டு வந்தாலும் அந்தப் படலைதான்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பறக்கத்தையும் தருவானாக. தொழுகையை விடாதே. அந்த நாட்டில் தண்ணீரும் காசுக்குத்தானாம், அதற்காக வாயைக் காயப் போடாதே, நிறையக் குடி.

உன் உம்மா
சல்மா