வெள்ளையடித்த கல்

விமானப்படைக் குடியிருப்பு,
செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நான் நலம். தலைமையகத்து விருந்தினர் விடுதியில் உங்களுக்கும் கவனிப்பில் குறைவிருக்காது. போனில் பேச ஆரம்பித்தால் "பக்கத்துல ஆள் இருக்காங்க, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நாளை அங்கே வரும் உங்கள் உதவியாளரிடம் ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன்.

தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்துவிட்டார்கள். நம் மகள் பேசினாள். அப்பா தோளில் புது நட்சத்திரம் எப்போது ஏறும் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

நீங்கள் துணைத் தளபதி ஆகப்போகிறீர்கள் என்பது உங்களுக்கு முன்பே இந்தக் குடியிருப்புக்குத் தெரிந்துவிட்டது. பூங்கொத்தும் இனிப்புப் பெட்டியுமாகக் கூடம் நிரம்பிவிட்டது, நடக்கவே இடமில்லை. நேற்று அதிகாரிகளின் மனைவிமார் கூட்டத்துக்குப் போனேன். உங்களுக்கு அடுத்த நிலையில் இருப்பவரின் மனைவி, போன மாதம் வரை என்னைக் கண்டால் பாதிச் சிரிப்புச் சிரித்தவள், ஓடிவந்து என் கைப்பையை வாங்கிக்கொண்டாள். "மேடம், ஏசிக்கு நேரா உக்காருங்க, உங்களுக்கு வேர்க்குது பாருங்க" என்று ஒரே உபசாரம். எனக்கு வேர்க்கவே இல்லை. சே, என்ன மனிதர்கள்! வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் குளித்தேன்.

நாம் மட்டும் ஒழுங்கா என்ன? நீங்கள் ஒவ்வொரு படி ஏற ஏற நம் வீட்டில் கையாட்கள் கூடிக்கொண்டே வந்தார்கள். எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவன் நம் நாயைக் குளிப்பாட்டுகிறான். வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "இந்த ரேங்க்ல இதெல்லாம் வழக்கம், நீ கண்டுக்காதே" என்பீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது வழக்கம்.

இன்னொரு வழக்கமும் இருந்ததே, ஞாபகமிருக்கிறதா? கல்யாணமான புதிதில் உங்கள் சட்டைப் பையைத் துழாவாமல் நான் ஊறவைக்க மாட்டேன். கல், ஆணி, கம்பித் துண்டு, எல்லாம் இருக்கும். காலையில் விமானம் கிளம்புமுன் கமாண்டர் முதல் பெருக்குகிறவர் வரை ஓடுபாதையில் தோளோடு தோள் வரிசையாக நடந்து, கிடப்பதையெல்லாம் பொறுக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். "ஒரு சின்னக் கல்லு உள்ள போனாப் போதும், எஞ்சின் காலி. அப்புறம் மேல இருக்கறவன் கதி என்ன?" என்று கேட்டீர்கள். அப்படிக் கேட்டவரைத்தான் நான் பெருமையாக நினைத்தேன்.

மந்திரி வந்த அன்று காலை நான் உங்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. "இன்னிக்கு ஓடுபாதை நடை எல்லாம் வேண்டாம்யா. எல்லாரையும் இஸ்திரி கலையாம பந்தல் முன்னால நிக்க வை. மந்திரி வர்ற நேரத்துல குனிஞ்சு பொறுக்கிட்டு நின்னா பார்க்க அசிங்கமா இருக்கும்" என்றீர்கள். மந்திரி நடந்துவரும் வழியெல்லாம் வெள்ளையடித்த கற்களை அடுக்கச் சொன்னதும் நீங்கள்தான். லாரி லாரியாக ஓடுபாதையைத் தாண்டித்தான் அவற்றைக் கொண்டுபோனார்கள்.

அன்று பகலில் கிளம்பிய விமானம் ஒன்று சற்று நேரத்திலேயே விழுந்தது. மாலை வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தீர்கள். "எஞ்சினுக்குள்ள கல்லு இருந்துச்சு. அதுல வெள்ளைச் சாயம்" என்று என்னிடம்தான் சொன்னீர்கள். உங்கள் கையை நான்தான் பிடித்துக்கொண்டேன். மறுநாள் காலை சவரம் செய்துகொண்டே, "அறிக்கையில பறவை மோதினதுன்னு வந்துடும், நீ எதையும் போட்டுக் குழப்பிக்காதே" என்றீர்கள். பறவைக்கு யாருங்க வெள்ளையடித்தது?

அதோடாவது விட்டீர்களா? பாராசூட்டோடு வெளியே குதிப்பதற்கு அந்த விமானி தாமதித்தான், அதனால்தான் முதுகு போயிற்று, விமானமும் போயிற்று என்று அவன் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள். ஏன் தாமதித்தான்? கீழே நம் குடியிருப்பு இருந்தது. பள்ளிக்கூடம் இருந்தது. வயல்வெளி வரும்வரை அதைத் தள்ளிக்கொண்டு போனான். அந்த நேரம் நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், அது என் தலைக்கு மேலேதான் போனது. விசாரணைக் குழுவுக்குப் போன அறிக்கைக்கு அடியில் உங்கள் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். உங்களிடம் கேட்கவில்லை. முதுகுப் பட்டையோடு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான் பாவி. இனிமேல் அவன் பறக்கவே முடியாதாம், டாக்டர் சொன்னார். அவன் மனைவி நாற்காலியை விட்டு எழவில்லை. எனக்கு அது எவ்வளவோ ஆறுதலாக இருந்தது. வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் கேட்டாள்: "இவர் பறக்கலைன்னாக்கூடப் பரவாயில்லை மேடம். தப்புப் பண்ணினவர்னு பேரோட வெளியே அனுப்பாதீங்க. ராத்திரியெல்லாம், 'நான் சீக்கிரம் குதிச்சிருக்கணுமா'ன்னு என்னையே கேக்கறார். நான் என்ன சொல்ல?"

நான் என்ன சொல்வேன், சொல்லுங்கள். எத்தனையோ வருஷமாக நாலுபேர் முன்னால் உங்கள் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவள். ஆனால் அவளைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. வருகிற திங்கட்கிழமை விசாரணைக் குழு கடைசியாக இங்கே வருகிறது அல்லவா, அங்கே வந்து நான் காதால் கேட்டதைச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னதல்ல. வீட்டுக்கு வந்து யோசித்தும் பார்த்துவிட்டேன்.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஆத்திரம் வரும். வரட்டும். பதவி போகும், இந்த வீடு போகும், வாசலில் நிற்கிற காவலாளி போவான். போகட்டும், எனக்குச் சமைக்கவும் பெருக்கவும் தெரியும். மகளிடம் என்ன சொல்வது என்பதைத்தான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.

இன்னும் நாள் இருக்கிறது. விசாரணைக் குழுத் தலைவர் அங்கே உங்கள் மாடிக்கு மேல்மாடியில்தானே இருக்கிறார். ஒருமுறை ஏறிப்போய், நடையை நிறுத்தியது நான்தான் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் வாயால் வந்தால் நான் உங்களோடு எங்கே வேண்டுமானாலும் தலைநிமிர்ந்து வருவேன். திங்கட்கிழமை அந்த அறையில் உங்களுக்கு எதிரே என்னை உட்கார வைத்துவிடாதீர்கள்.

ரத்த அழுத்த மாத்திரையைப் பெட்டியின் ஓர அறையில் வைத்திருக்கிறேன். வெறும் வயிற்றில் போடாதீர்கள். நல்ல புத்தியும் நல்ல தூக்கமும் உங்களுக்கு வரட்டும்.

இன்றைக்கும் உங்கள்,
வீட்டுக்காரி