வரைபடத்தில் நம் கடைத்தெரு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பயப்படும்படி ஒன்றுமில்லை. எங்கள் கம்பெனி அடுத்துப் பேரங்காடி திறக்கும் இடங்களை நேற்று திரையில் காட்டினார்கள். நம் கடைத்தெருவும் இருந்தது.

"அங்க எல்லாம் சின்னக் கடைங்க. கொஞ்ச நாள் நஷ்டத்துக்கு வித்தா தானா மூடிடுவாங்க" என்றார் மேனேஜர்.

"அதுல ஒண்ணு எங்கப்பா மளிகைக் கடை சார்" என்றேன்.

"அப்ப விஷயம் வெளிய போனா, யார் சொன்னதுன்னு தெரிஞ்சிடும்" என்று சிரித்தார்.

நீங்கள் மூடிவிட்டால், படுக்கையிலிருக்கும் வாத்தியார் வீட்டுக்கு யார் அரிசி கொண்டுபோவார்கள்? தையல்கார மாமா, மருந்துக்கடை அக்கா, வாடிக்கைக்காரர்கள் எல்லோரையும் கூட்டிப் பேசுங்கள்.

நம் கடை சோப்பு இரண்டு அனுப்புங்கள். இங்கே வாங்குவதில் வீட்டு வாசமே இல்லை.

தபாலுக்கு நேரமாகிறது. யார் சொன்னது என்று கேட்டால், என் பெயரையே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்