புல்லில் பட்ட பந்து

அண்ணை,

நேற்றுக் கைப்பேசியில் பேஸ்போல் செய்தி வந்தது. ஆட்டங்கள் முடிந்து மைதானங்கள் குளிரில் கிடக்கிற இந்தக் காலத்தில்தான், பந்தை நன்றாகத் தடுத்துப் பிடித்தவர்களுக்கு விருது அறிவிப்பார்கள். அம்பயர்களின் பிழைகளைப் பற்றிய சண்டையும் கூடவே வரும். அடுத்த பருவத்தில் கணினியும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுமாம்.

வழக்கம்போல நான் சுவரில் கொழுவியிருக்கிற மகள் சின்னதில் நன்றாகப் பந்து பிடித்ததற்கு வாங்கிய ஷீல்டைக் காட்டி, "உந்த மெஷின் அப்பவே இருந்திருந்தால் அண்ணையின்ர பிழைத் தீர்ப்பு அண்டைக்கே அம்பிட்டிருக்கும்" என்றேன். ஸ்ரௌவ்வில்லிலிருந்து வந்திருந்த மகள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்பா, ஸ்டொப். அந்தப் பந்து புல்லில பட்டது. எனக்கு அப்பவே தெரியும்."

அண்ணை, ஷீல்டைக் காட்டிய விரலை மடக்கினேன்.

மில்லிக்கன் மைதானத்தில் அன்று பிள்ளைகளின் ஆட்டத்துக்கு நீங்கள் அம்பயர். எனக்குத் தெரிந்த பேஸ்போல் விதிகள் மூன்று. அதில் இரண்டு கிரிக்கெட்டுடையவை. எங்கட தமிழ் ஆள்தானே அம்பயர் என்று, விடிய எழும்பி மட்டன் ரோல்ஸ் சுடச்சுடக் கொண்டுவந்து நீட்டினேன். "மட்ச் நாளில ஒண்டும் வேண்டாம் தம்பி" என்று பெட்டியைத் திறக்காமலே திருப்பித் தந்தீர்கள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஓ.எல். சோதனையில் கணக்கிலேயே கோட்டை விட்டவனுக்கு எங்கே புரியும்?

கடைசிப் பந்து. பன்னிரண்டு வயது மகள் பாய்ந்து விழுந்து கையுறையைத் தூக்கிக் காட்டினாள். நீங்கள் இரண்டு கையையும் விரித்து, பிடி இல்லை என்றீர்கள். மற்ற அணி ஓடி வென்றது. நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: "எங்கட ஆள் எண்டு நம்பினன்! எங்கட பிள்ளையையே கவிட்டுப்போட்டியளே!"

நீங்கள் முகமூடியைக் கழற்றி, "கண்டதைத்தான் சொன்னனான்" என்றீர்கள். அவ்வளவுதான். நீங்கள் என்னோடு பேசிய கடைசிச் சொல்லும் அதுதான்.

அதுவரை நாங்கள் இரண்டு பேரும் செய்த மிசிசாகா வேலைக்கு உங்கள் காரில்தான் வந்தேன். மறுநாள் முதல் வீம்புக்கு மூன்று பஸ் மாறிப் போனேன். நான் நிற்கிற பஸ் தரிப்பைக் கடக்கும்போது ஒவ்வொரு காலையும் உங்கள் கார் மெதுவாகும். நான் வானத்தில் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல அண்ணாந்து பார்ப்பேன். நாலு வருடம் அப்படியே போனது. பிறகு நீங்களும் போய்விட்டீர்கள். செத்தவீட்டில் கடைசி வரிசையில் நின்றேன். அழுதால் தோற்றதாகிவிடும் என்று நினைத்த மடையன் நான்.

மகளிடம் நேற்றுக் கேட்டேன்: "ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கத்தினதில பயந்துபோனன். அம்பயர் அங்கிளிட்டப் போய்ச் சொன்னனான். 'எனக்குத் தெரியும் பிள்ளை. கொப்பரிட்டச் சொல்லுறது உன்ர விருப்பம், நான் சொல்லமாட்டன்' எண்டார். பிறகு ஷீல்ட் வந்தது. நீங்கள் ஆணி அடிச்சு, வாறவை போறவைக்கெல்லாம் காட்டி... எப்பிடியப்பா சொல்லுறது?"

"ஷீல்ட் தந்தவைக்குத் தெரியுந்தானே உன்ர திறமை," என்றேன். விழுந்தவன் இன்னும் மீசை மண்ணைத் தட்டுகிறேன் பாருங்கள்.

"அதுக்கு என்ர பேரைக் குடுத்ததே அங்கிள்தான். அந்த சீசன் முழுக்க நான் உண்மையாப் பிடிச்ச பந்தெல்லாம் எழுதி வைச்சிருந்தவராம். கோச் சொன்னவர்."

கதிரையைத் தேடி இருந்தேன். பன்னிரண்டு வருடமாக உங்களைப் பொய்யனாக்க நான் காட்டிய சாட்சி, நீங்கள் வாங்கித் தந்தது. "அம்பயர் மறுத்தார், ஷீல்ட் தேடி வந்தது" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! உங்கள் மனைவியின் காதுக்கும் அது போயிருக்கும். நாளை அவரிடம் போகிறேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை; ரோல்ஸ் மட்டும் கொண்டுபோக மாட்டேன்.

இன்று காலை என் காரில் வேலைக்குப் போகையில் அந்தப் பஸ் தரிப்பு வந்தது. பனியில் யாரும் இல்லை. கால் தானாகப் பிரேக்கில் போனது. பக்கத்து இருக்கையிலிருந்த என் சாப்பாட்டுப் பையைத் தூக்கிப் பின்னால் போட்டேன், யாரோ ஏறப்போவதுபோல. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

நாலு வருடமும் நீங்கள் இப்படித்தான் இடம் வைத்துக்கொண்டு வந்தீர்களா, அண்ணை?