ஊட்டில் சும்மா இருக்கிறவள்

18.2.91

ஏனுங்க,

அன்னூர்ல எங்க அக்கா ஊட்டுக்குப் போறேன். பொழுது சாயறதுக்குள்ள வந்துருவேன்.

நேத்து ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த டீச்சரம்மா, "உங்க சம்சாரம் என்ன வேலை செய்யறாங்க?"ன்னு கேட்டாங்க. "அவ ஊட்ல சும்மாதானுங்க இருக்கா"ன்னு சொன்னீங்க. நம்ம கடைக்கு முன்னூறு சமோசா மடிச்சுக்கிட்டே உள்ளிருந்து கேட்டேன்.

அதான், இன்னிக்கு ஒரு நாள் நெசமாவே சும்மா இருந்து பார்க்கறேன்.

மாவு பிசைஞ்சு ஈரத்துணி போட்டு மூடி வெச்சுப்போட்டேன். தேய்ச்சு, கல்லுல லேசா வாட்டி, நறுக்கி, மடிக்கோணும். முக்கோணமா வரலைன்னா வந்த மாதிரி மடிங்க. யாராச்சும் கேட்டா உங்க பேரையே சொல்லிக்குங்க. வெங்காயம் உரிக்கலை. அழுதாலும் பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க, பயப்படாதீங்க.

கோவமெல்லாம் இல்லீங்க.

உம்மல் குல்சும்

மறந்துட்டேன்: டீச்சரம்மாவை நேத்தே தெருமுனையில பார்த்து, எங்க ஊட்டுக்காரர் ஒரு பதிலைத் தப்பாச் சொல்லிப்போட்டார், இன்னிக்குப் பதினோரு மணிக்கு வந்து திருத்திக்குங்கன்னு சொல்லியிருக்கேன். கையக் கழுவாம, மாவோடயே கதவைத் திறங்க.

தூக்குப்போசியில உங்களுக்குன்னு நாலு சமோசா வெச்சிருக்கேன். ரெண்டை அவங்களுக்குக் குடுங்க. நல்லாருக்குதே, யார் செஞ்சதுன்னு கேப்பாங்க. சும்மா இருக்கிறவ செஞ்சதுன்னு சொல்லுங்க.